இறைச்சியும் முட்டையும் இல்லாத பியெரோகி: பூரணத்தைக் காய வையுங்கள், மாவை இளக்குங்கள்

"போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் படித்த காலத்தில் சாப்பிட்டுப் பழகிய பியெரோகியை இப்போது வீட்டில் செய்து பார்க்கிறேன். மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்குகிறது. தண்ணீரில் போட்டால் பாதி வாய் பிளந்துவிடுகிறது. முட்டை சேர்ப்பதில்லை, இறைச்சியும் இல்லை. இப்படிச் செய்தால் அசல் ருசி வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வரும். பியெரோகி என்பது, தெரியாதவர்களுக்கு, நம் கொழுக்கட்டை போல மைதா மாவில் பூரணம் வைத்து மடித்து வேகவைக்கும் போலந்து உணவு. இறைச்சி இல்லாத பியெரோகியை ஏதோ சமரசம் என்று நினைக்க வேண்டாம். போலந்து கத்தோலிக்க நாடு. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் என்று இறைச்சி தொடாத நாட்கள் ஒரு காலத்தில் வருடத்தில் ஏராளம். கடும் நோன்பு நாட்களில் பால், வெண்ணெய், முட்டைகூடக் கிடையாது. ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சாப்பிட்டார்கள். அந்த நாட்களுக்காக உருவான உணவுதான் முட்டைக்கோஸும் காளானும் வைத்த பியெரோகி. டிசம்பர் 24 இரவு விருந்தான விகிலியாவில் இன்றும் அதுதான் மேசைக்கு வருகிறது. அன்று இறைச்சி கூடாது என்ற சட்டம் இப்போது இல்லை, ஆனாலும் பெரும்பாலான வீடுகள் வழக்கத்தை விடவில்லை. மாவில் முட்டை சேர்ப்பதும் அப்படித்தான்: சில வீடுகளில் சேர்ப்பார்கள், சில வீடுகளில் சேர்க்கவே மாட்டார்கள். முட்டை போட்ட மாவு கொஞ்சம் விறைப்பாக நிற்கும், ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும். முட்டை இல்லாத மாவே மென்மை என்பது என் கட்சி.

நீங்கள் வ்ரோட்ஸ்வாஃபில் அதிகம் சாப்பிட்டது அநேகமாக ரூஸ்கியே வகையாக இருக்கும்: உருளைக்கிழங்கு, ட்வாருக் என்ற புளித்த பாலாடைக்கட்டி, பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். இது பழைய கலீசியா பகுதியின் உணவு. அந்த நிலம் இன்று போலந்தின் தென்கிழக்கிலும் உக்ரைனின் மேற்கிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் எல்லைகள் மாறியபோது இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் பக்கத்துப் போலந்துக்காரர்கள் வ்ரோட்ஸ்வாஃப் போன்ற மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். அவர்களோடு இந்தப் பூரணமும் வந்து நாடு முழுக்கப் பரவியது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது போர் தொடுத்த பிறகு, 'ரூஸ்கியே' என்ற பெயர் ரஷ்யாவை நினைவூட்டுவதால், சில கடைகள் பலகையில் "உக்ரைன் பியெரோகி" என்று மாற்றி எழுதிவிட்டன. அடுத்த முறை போகும்போது ரூஸ்கியேவைக் காணவில்லையே என்று தேடாதீர்கள், அது இதுதான்.

மாணவர்கள் இதை அதிகம் சாப்பிடுமிடம் 'பார் ம்லெச்னி' எனப்படும் பால் உணவகங்கள். 1896இல் வார்சாவின் நோவி ஷ்வியாட் தெருவில் ஸ்தனிஸ்வாஃப் த்வுஷெவ்ஸ்கி திறந்ததை முதல் கடை என்பார்கள். பால், மாவு, காய்கறி இவற்றைக் கொண்டு ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் சாப்பாடு என்பது திட்டம். இன்றும் அரசு இவற்றுக்கு மானியம் தருகிறது, அதுவும் இறைச்சி சேராத உணவுகளுக்கு மட்டும். 2015இல் மானியத்துக்குத் தகுதியான பொருட்களின் பட்டியலில் மசாலாப் பொருட்கள் பலவற்றை நிதியமைச்சகம் விட்டுவிட, மிளகு போட்டால் மானியம் போய்விடுமோ என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். பிறகு பட்டியலைத் திருத்தினார்கள். மிளகில்லாத ரூஸ்கியேவை நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் நியாயம்தான் என்று தோன்றும்.

சரி, சமையலுக்கு வருவோம். உங்களுடைய இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. மாவு சுருங்குவது, பச்சைத் தண்ணீரில் பிசைந்ததாலும் ஊற விடாததாலும். வாய் பிளப்பது பெரும்பாலும் ஈரமான பூரணத்தால். எல்லோரும் மாவைப் பிசைவதில் தொடங்குவார்கள். நான் பூரணத்தில் தொடங்கச் சொல்வேன். பூரணம் முழுக்க ஆறிக் கெட்டியாவதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும், மாவுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.

சுமார் அறுபது பியெரோகிக்கு உருளைக்கிழங்கு 600 கிராம், ட்வாருக் 300 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு போதும். ட்வாருக்கைக் கூட்டலாம், சம அளவு போடும் வீடுகளும் உண்டு. ஆனால் முதல் தடவைக்கு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு நல்லது, பிடித்தால் உருண்டை நிற்கும். போலந்துக் கடைகளில் உருளைக்கிழங்குப் பையின்மேல் A, B, C என்று வகை எழுதியிருக்கும். A வேகவைத்தாலும் கட்டியாக நிற்கும், சாலட்டுக்குச் சரி. நமக்கு வேண்டியது மாவுத்தன்மை கூடிய C, இல்லையென்றால் B. இந்தியாவில் அப்படிப் பிரித்து விற்பதில்லை. புதுக்கிழங்கைத் தவிர்த்து, தோல் தடித்த பழைய கிழங்காகப் பார்த்து எடுங்கள். தோலோடு ஆவியில் வேகவையுங்கள். குக்கரில் தண்ணீருக்குள் மூழ்கடித்து வேகவைத்தால் கிழங்கு நீர் குடித்துவிடும். வெந்ததும் உரித்து, வெறும் பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் ஓரிரு நிமிடம் புரட்டினால் மிச்ச ஈரமும் போகும். பிறகு சூட்டோடு சூடாக மசியுங்கள். இடியாப்ப நாழியில் பெரிய கண் அச்சைப் போட்டுப் பிழிந்தால் ஒரு கட்டியும் இருக்காது. போலந்துக்காரர்களும் இதற்கென்று ஒரு பிழியும் கருவி வைத்திருக்கிறார்கள். மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஸ்டார்ச் உடைந்து பசையாகிவிடும், அதை எதுவும் காப்பாற்றாது.

ட்வாருக் விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பன்னீரை உதிர்த்துப் போட்டால் ஆகாதா என்பார்கள். பன்னீர் கொதிக்கும் பாலில் எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரிப்பது. அதில் புளிப்பு நிற்காது, வாயில் ரப்பர் தன்மையும் உண்டு. ட்வாருக் தானாகப் புளித்து உறைந்த பாலை இளஞ்சூட்டில் வைத்து வடிப்பது. புளிப்பும் பொலபொலப்பும் அதன் உயிர். நல்ல செய்தி என்னவென்றால், வீட்டுத் தயிரிலிருந்தே இதற்கு மிக நெருக்கமான ஒன்றைச் செய்யலாம். இரண்டு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலை உறையூற்றி, கொஞ்சம் கூடுதலாகவே புளிக்க விடுங்கள். கனமான பாத்திரத்தில் மாற்றி, அதை வெந்நீருள்ள அகலப் பாத்திரத்துக்குள் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். கிளறக் கூடாது, கத்தியால் நாலைந்து கோடு போட்டுவிட்டால் போதும். விரலை விட்டால் சுடுகிறது, ஆனால் பொறுக்க முடிகிறது என்ற பதத்தில், அதாவது 45 முதல் 50 டிகிரிக்குள், தயிர் கட்டியாகித் தெளிந்த மஞ்சள் நீர் பிரிந்து நிற்கும். உடனே இறக்கி ஆறவிட்டு, துணியில் வடித்துச் சில மணி நேரம் தொங்கவிடுங்கள். ஏறத்தாழ 350 கிராம் கிடைக்கும். கொதிக்க விட்டால் மணல் மாதிரி நறநறக்கும், அது ஒன்றில்தான் கவனம். இதற்கெல்லாம் நேரமில்லையென்றால் உதிர்த்த பன்னீர் 200 கிராமுடன் நன்றாக வடிகட்டிய கெட்டித் தயிர் 100 கிராம் சேர்த்துக்கொள்ளலாம். முழுதாக ஒன்றல்ல, ஆனால் பக்கத்தில் வரும். இணையத்தில் ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்தால் செடார் சீஸ் போடச் சொல்வார்கள். அது அமெரிக்காவில் குடியேறிய போலந்துக்காரர்களின் பாணி. அங்கே அது ருசிதான், வ்ரோட்ஸ்வாஃபில் நீங்கள் சாப்பிட்டது அதுவல்ல.

வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயும் எண்ணெயும் கலந்து, பொறுமையாகச் சிறு தீயில் வதக்குங்கள். கண்ணாடி நிறத்தில் இறக்கினால் பூரணம் சப்பென்றிருக்கும். ஓரங்கள் பழுப்பாகி இனிப்பு வாசனை வரவேண்டும். உருளைக்கிழங்கு முழுதாக ஆறிய பிறகு ட்வாருக்கையும் வெங்காயத்தையும் சேர்த்து, கையால் பிசையுங்கள். சூட்டில் சேர்த்தால் கட்டி இளகி நீர் விடும். உப்பு, அப்புறம் மிளகு. மிளகைத் தாராளமாக, கரகரவென்று பொடித்துப் போடுங்கள். இந்தப் பூரணத்தில் வேறு மசாலாவே கிடையாது, மிளகுதான் எல்லாம். பச்சை மிளகாய், கொத்தமல்லி, மஞ்சள்தூள் என்று கை நீளும். நீட்டினால் நன்றாகவே இருக்கும், ஆனால் போண்டா மசாலாவாகிவிடும். ருசி பார்க்கும்போது உப்பும் மிளகும் ஒரு துளி தூக்கலாகத் தெரியவேண்டும், ஏனென்றால் சுற்றியுள்ள மாவில் ருசி கிடையாது. கடைசியில் பூரணத்தை எலுமிச்சையில் பாதி அளவு உருண்டைகளாக உருட்டித் தட்டில் அடுக்கிவிட்டால் பிறகு மடிக்கும் வேலை பாதியாகக் குறையும்.

இனி மாவு. மைதா 500 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வெந்நீர் சுமார் 250 மில்லி. கோதுமை மாவு, அதாவது நம் சப்பாத்தி மாவு, இதற்கு ஒத்துவராது. தவிடு மாவின் பிடிமானத்தை அறுத்துவிடும், மெல்லியதாகத் தேய்த்தால் கிழியும். போலந்தில் மாவுப் பையில் 450, 500 என்று எண் போட்டிருப்பார்கள். எண் ஏற ஏற மாவில் தவிட்டுப் பகுதி கூடுதல் என்று பொருள். பியெரோகிக்கு இந்த இரண்டில் எதுவும் சரி, நம்மூர் மைதாவும் அதே மாதிரிதான்.

ரகசியம் தண்ணீரின் சூட்டில் இருக்கிறது. கொதித்த நீரை இறக்கி, ஓரிரு நிமிடம் விட்டு, மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். கொழுக்கட்டைக்கு அரிசி மாவை வெந்நீர் விட்டுக் கிளறுவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. சூட்டில் ஸ்டார்ச்சின் ஒரு பகுதி அப்போதே வெந்து நிறைய நீரைப் பிடித்துக்கொள்ளும், மாவு இளகும். கோதுமையில் கூடுதலாக இன்னொன்றும் நடக்கிறது: சூடு பட்டதால் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதத்தின் இழுவிசை குறைந்துவிடும். பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவு தேய்த்ததும் பின்னால் ஓடுவது இந்த இழுவிசையால்தான். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எட்டுப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். காது மடலைத் தொட்டுப் பார்த்தால் இருக்கும் மென்மை வரவேண்டும். ஒட்டினால் கொஞ்சம் மாவு, விறைத்தால் கையை நனைத்துக்கொண்டு பிசையலாம். நீர் அளவு மாவுக்கு மாவு மாறும், ஆகவே 250 மில்லியையும் ஒரேயடியாகக் கொட்டாமல் கடைசி இரண்டு கரண்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சூடான பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூடி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த அரை மணியைத் தாண்டிக் குதிக்க முயல்பவர்களுக்குத்தான் மாவு சுருங்குகிறது.

ஊறிய மாவை நாலாகப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடியே வையுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கவேண்டும். மேடையில் மாவு தூவுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தூவிய மாவு ஓரத்தில் படிந்தால் ஒட்டவே ஒட்டாது, வாய் பிளக்க அது இரண்டாவது காரணம். ஏழு எட்டு சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரால் வட்டம் வெட்டுங்கள். போலந்து வீடுகளிலும் கண்ணாடி டம்ளர்தான், தனிக் கருவி யாரும் தேடுவதில்லை. வட்டத்தைக் கையிலெடுத்து, உருண்டையை நடுவில் வைத்து, பாதியாக மடித்து, நடுப்பகுதியை முதலில் ஒட்டுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் போகப் போக உள்ளே இருக்கும் காற்றை விரலால் தள்ளி வெளியேற்றிக்கொண்டே அழுத்துங்கள். காற்று மாட்டினால் கொதிநீரில் விரிந்து மாவைப் பிளக்கும். ஓரத்தில் பூரணத்தின் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் அந்த இடம் திறந்துகொள்ளும், அதனால் பூரணம் வைத்த விரலைத் துடைத்துவிட்டு ஒட்டுவது நல்ல பழக்கம். மாவு வெந்நீரில் பிசைந்ததாக, ஈரம் போகாததாக இருந்தால் ஓரத்துக்குத் தண்ணீர் தடவவே தேவையில்லை. ஓரத்தை அலை அலையாகச் சுருட்டி மடிப்பது அழகுக்கு. முள்கரண்டியால் அழுத்துவதும் உண்டு. ஒழுங்காக இரண்டு முறை கிள்ளி ஒட்டியிருந்தால் வெறும் ஓரமே போதும். முடித்ததை மாவு தூவிய துணியில் வரிசையாக வைத்து, மேலே இன்னொரு துணியால் மூடுங்கள். காய்ந்த மாவில் விரிசல் விழும்.

வேகவைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும், குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பதினைந்துக்கு மேல் போடாதீர்கள். போட்டதும் மரக்கரண்டியின் பின்பக்கத்தால் அடியைத் தொட்டு மெதுவாக ஒரு சுற்று. இல்லையென்றால் அடியில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். தளதளவென்று கொதிக்கும் நீர் நன்றாக ஒட்டியதையும் பிய்த்துவிடும். மேலே மிதந்து வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஜல்லிக்கரண்டியால் எடுத்து, வடிந்ததும் உருக்கிய வெண்ணெயில் உடனே புரட்டுங்கள். அடுக்கி வைக்காதீர்கள், ஒன்றோடொன்று ஒட்டினால் பிரிக்கும்போது தோல் உரியும். அறுபதையும் ஒரே மூச்சில் வேகவைக்கும் முன், ஒன்றை மட்டும் போட்டுச் சோதித்துப் பாருங்கள். உப்பு, கனம், ஒட்டல் மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

மேலே ஊற்றுவதில்தான் சைவக்காரர்கள் ஏமாறுவார்கள். போலந்துக் கடையில் ரூஸ்கியே கேட்டால் அதன்மேல் பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளான ஸ்க்வார்கியைப் பல இடங்களில் கேட்காமலே தூவித் தருவார்கள். "பெஸ் ஸ்க்வாரெக்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பொரித்த பியெரோகி என்றால் எந்தக் கொழுப்பில் என்று கேளுங்கள், பன்றிக் கொழுப்பான ஸ்மாலெட்ஸ் சில இடங்களில் இன்னும் புழக்கத்தில் உண்டு. அங்கே கடையில் பொருள் வாங்கும்போது லேபிளில் இரண்டு சொற்களைப் பாருங்கள்: விலங்கு ரென்னெட்டாக (கன்றின் வயிற்றிலிருந்து எடுத்து, பாலை உறைய வைக்கும் நொதி) இருக்கக்கூடிய 'போட்புஷ்ச்கா', ஜெலட்டினான 'ஷெலத்தினா'. ட்வாருக் பொதுவாகப் புளிப்பால் உறைவது, இருந்தாலும் சில தயாரிப்புகளில் முதலாவது இருக்கும். மலிவான சில புளித்த கிரீம்களில் இரண்டாவது இருக்கும். வீட்டில் பிரச்சனை இல்லை. வெண்ணெயில் பழுப்பாக வதக்கிய வெங்காயத்தைத் தாராளமாக மேலே கொட்டி, பக்கத்தில் ஒரு கரண்டி ஷ்மியெதானா வைத்தால் போதும். அது 18 சதவீதக் கொழுப்புள்ள புளித்த கிரீம். கிடைக்காத ஊரில் ஃபிரெஷ் கிரீமில் வடிகட்டிய தயிரைக் கலந்து சில மணி நேரம் வெளியே வைத்தால் வேலை நடக்கும்.

ரூஸ்கியே கை வந்த பிறகு முட்டைக்கோஸ் காளான் பியெரோகியைச் செய்யுங்கள். உழைப்பு கூடுதல், ருசியும் அதற்குத் தக்கபடி. இதற்கு வேண்டியது கபுஸ்தா கிஷோனா, அதாவது உப்பில் புளிக்க வைத்த முட்டைக்கோஸ். வாங்கினால் லேபிளில் முட்டைக்கோஸ், உப்பு, அதிகம் போனால் கேரட் மட்டும் இருக்கவேண்டும். வினிகர் ஊற்றிய சரக்கு வேறு. வீட்டில் போடுவது சுலபம்: மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ் ஒரு கிலோவுக்கு உப்பு 20 கிராம், நீர் விடும்வரை கையால் கசக்கி, ஜாடியில் அழுத்தி அடைத்து, தன் நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும்படி மேலே ஒரு கனம் வைத்துவிடுங்கள். போலந்தின் குளிரில் வாரக்கணக்கில் ஆவது நம் வெயிலில் ஒரு வாரத்துக்குள் புளித்துவிடும். புளித்ததும் ஃபிரிஜ்ஜுக்கு மாற்றுங்கள். மேலே மிதக்கும் இழைகளில் பூஞ்சை பிடிக்கும், அதனால் மூழ்கடிப்பதில் அலட்சியம் கூடாது.

காளான் என்றால் அங்கே காட்டில் பொறுக்கி உலர்த்திய போரோவிக். இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்க் காளான் பறிப்பது போலந்துக்காரர்களுக்குத் திருவிழா போல, உலர்த்தி நூலில் கோத்த மாலைகளைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். இத்தாலியப் பெயரில் 'போர்சினி' என்று இந்தியாவின் பெரிய கடைகளிலும் கிடைக்கிறது, விலைதான் மிரட்டும். ஆனால் 40 கிராம் போதும். இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, அதே நீரில் வேகவைத்துப் பொடியாக நறுக்குங்கள். அடியில் மணல் நிற்கும், நீரைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். அதைக் கொட்டிவிடாதீர்கள், மணமே அதில்தான். விலை கட்டாதவர்கள் பட்டன் காளானைப் பொடியாக நறுக்கி நீர் முழுக்க வற்றிப் பழுப்பாகும்வரை வதக்கி, உலர்ந்த போர்சினி பத்துக் கிராமை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். வெறும் பட்டன் காளானில் அந்தக் காட்டு வாசனை வராது.

புளித்த முட்டைக்கோஸ் 700 கிராமை ருசி பார்த்து, அதிகம் புளித்தால் ஒரு தடவை அலசி, பிரிஞ்சி இலை ஒன்று, ஆல்ஸ்பைஸ் இரண்டு மூன்று மணி போட்டு மிருதுவாகும்வரை வேகவையுங்கள். பிழிந்து, பொடியாக நறுக்கி, வதக்கிய வெங்காயம், காளான், காளான் நீர் கொஞ்சம் எல்லாம் சேர்த்து வாணலியில் நீர் வற்றும்வரை புரட்டவேண்டும். வாணலியைச் சாய்த்தால் ஒரு சொட்டும் ஓடக் கூடாது. இதில் உருளைக்கிழங்கு இல்லாததால் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை, வற்றுவது ஒன்றே வழி. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயில் வதக்கினால் இது பால்கூடச் சேராத உணவு. விகிலியாவில் இதே காளான் பூரணத்தைச் சின்னச் சதுர மாவில் வைத்து மடித்து, இரு மூலையைச் சேர்த்து ஒட்டி, உஷ்கா என்ற குட்டி வகையும் செய்வார்கள். அது பீட்ரூட்டைப் புளிக்க வைத்துச் செய்யும் சிவப்பான பார்ஷ்ச் சூப்பில் மிதக்கும். அந்த நாளின் சூப் சைவம், மற்ற நாட்களில் கடையில் தருவது இறைச்சிச் சாறில் கொதித்ததாக இருக்கலாம்.

வேறு பூரணங்களும் உண்டு. கிழக்குப் போலந்தில் முழு மசூர் பருப்பை வேகவைத்து மசித்து, வதக்கிய வெங்காயத்தோடு வைப்பார்கள். நம் கைக்கு இது மிகப் பழக்கமான வேலை, செலவும் குறைவு. லூப்ளின் பக்கம் வறுத்த பக்வீட் என்ற தானியத்தின் குருணையை உதிரியாக வேகவைத்து ட்வாருக்குடன் கலந்து, சில வீடுகளில் புதினாவும் சேர்ப்பார்கள். பக்வீட்டின் புகை வாசனை எல்லோருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

இனிப்பு வகையில் புகழ் பெற்றது கோடையில் காட்டில் பறிக்கும் சின்னக் கறுநீலப் பழமான யகோடி வைத்தது. கடையில் விற்கும் புளூபெர்ரி அதன் பெரிய, சப்பையான உறவினர். ஜூனில் ஸ்ட்ராபெர்ரி. எந்தப் பழமானாலும் சர்க்கரையை முன்கூட்டியே கலக்காதீர்கள், சாறு விட்டுக் குளமாகிவிடும். பழத்தில் ஒரு தேக்கரண்டி உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ சோளமாவோ புரட்டி, மடிக்கும் நேரத்தில் மட்டும் சிட்டிகைச் சர்க்கரை. மேலே ஷ்மியெதானாவும் சர்க்கரையும். போலந்தில் இதை மதியச் சாப்பாடாகவே உண்பார்கள், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வெறும் ட்வாருக்கில் சர்க்கரையும் வெனிலாவும் கலந்து வைப்பதும் உண்டு. வீட்டில் தயிரிலிருந்து ட்வாருக் நன்றாக வந்துவிட்டதென்றால் அதை முதலில் இப்படித்தான் செய்து பார்க்கவேண்டும்.

அறுபதும் ஒரே நாளில் தீராது. வேகவைக்காததை மாவு தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஃபிரீசரில் வைத்து, கல்லானதும் பையில் போட்டுக் கட்டுங்கள். சமைக்கும்போது உருக விடாமல் நேரே கொதிநீரில் போடவேண்டும், மிதந்த பின் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். உருகினால் ஓரம் இளகி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். வேகவைத்து மீந்ததை மறுநாள் வெண்ணெயில் இரு பக்கமும் மொறுமொறுவென்று வாட்டினால், முதல் நாளைவிட அதையே விரும்புகிறவர்கள் பலர். எண்ணெய் சட்டியில் முழுக்கப் பொரிப்பது வேண்டாம், கனமாகிவிடும். வட்டம் வெட்டியபின் மிஞ்சும் மாவுத் துண்டுகளைச் சேர்த்து ஒரு முறை மறுபடி தேய்க்கலாம், அதற்குமேல் விறைத்துவிடும். அந்தக் கடைசி மாவைச் சின்னச் சதுரங்களாக வெட்டி வேகவைத்து, மீந்த முட்டைக்கோஸ் பூரணத்தோடு புரட்டினால் வஸான்கி என்று இன்னொரு போலந்து உணவு. மறுநாள் மதியத்துக்கு அது போதும்.